இரண்டு காலுக்கும் இஸ்திரி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. சுங்கை பினாங்கில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து நானும் அதுவும் மாறி மாறித்தான் படுக்கிறோம். அரிசிப் பையோடு நாலாம் மாடி ஏறி, நாக்கு வெளியே தொங்க உட்கார்ந்தேன். போன் சிணுங்கியது. யாரோ ஒரு மேனேஜராம். வீட்டிலிருந்தே வேலையாம். ஓட்டல் படங்களுக்கு நட்சத்திரம் போட்டால் தினம் முந்நூறு வெள்ளி சம்பளமாம்.

எனக்கு இப்படி ஆட்கள் கிடைத்தால் கொண்டாட்டம். பெயர் கேட்டான். சரோஜினி என்றேன். முன் அனுபவம் கேட்டான். யானை வளர்ப்பு என்று எழுதினேன். “மிகச் சிறப்பு மேடம், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்” என்று பதில் வந்தது. யானை எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. பத்து காவானில் இருந்த பெக்டரியில் என்னை ஆபரேட்டராக எடுப்பதற்கே கண்ணைச் சோதித்தார்கள், விரலைச் சோதித்தார்கள், பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றுமே கேட்காமல் வேலை கொடுக்கிறவனுக்கு வேலை செய்ய ஆள் தேவையில்லை, வேறு எதற்கோ தேவை.

பக்கத்து வீட்டு காமாரியாக்காவைக் கூப்பிட்டு, இதைக் குரல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இதுலயும் போயி விழுறாங்களே குணா.”

“மூளையை ஐஸ்பெட்டியில வச்சிட்டு மறந்தவங்கதாங்க்கா விழுவாங்க.”

அறைக்குள் என் மனுஷன் இருமினார். சிரிக்கவில்லை.

ஆனால் கொஞ்சம் நிஜமும் எழுதி வைக்கிறேன். போன வருஷம் சர்க்கரை நோய் என் வீட்டுக்காரர் அய்யாக்கண்ணுவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அவர் ஓட்டிய பெக்டரி பஸ் போனது. அவரைப் பார்த்துக்கொள்ள என் வேலையும் போனது. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ பணம் ஒன்றுதான் மாதாமாதம் அவர் கணக்கில் வருகிறது. எனக்கும் வீட்டிலிருந்து செய்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும்தான். யானை இல்லாத வேலை.

ஆகஸ்ட் 9, சனி

வெளியே போக ஒரு காரணமும் இல்லாத நாளில் மனுஷன் காலையிலேயே கால்சட்டைக்கு இஸ்திரி போட்டார். பஸ் ஓட்டிய காலத்தில் தன் யூனிஃபார்மை என்னைத் தொடவிட்டதே இல்லை. அவர் எடுக்கிற மடிப்பில் தக்காளி நறுக்கலாம். இன்றைக்கும் இரண்டு காலுக்கும் மடிப்பு எடுத்தார். பிறகு போட்டுக்கொண்டு, இடது பக்கத்தை மேலே மடித்துப் பெரிய ஊக்கு ஒன்றால் குத்திக்கொண்டார்.

வாசலில் ஆள் வந்தால் உடனே போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார். காமாரியாக்கா வந்தால்கூட.

செத்த வீட்டிலும் ஜோக் அடிக்கிறவள் என்று எனக்குப் பெயர். அந்த ஊக்கைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒன்றும் வந்ததில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

என் புருஷனுக்கு ஒரு தொடர்பு இருக்கிறது.

எழுதிப் பார்த்தால் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது. போனைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் போனால் கவிழ்த்து வைக்கிறார். நேற்று மதியம் குளியலறைக்குள் இருந்து, “சரிங்க மேடம், நீங்க சொன்னா சரிதாங்க மேடம்” என்றார். என்னிடம் கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பேசியதில்லை.

காமாரியாக்காவிடம் சொன்னேன்.

“அய்யாக்கண்ணு அண்ணனா? லிஃப்ட்டு ஓடாம அவரு எப்படி லா அந்தப் பொம்பளைய பாக்கப் போவாரு?”

“அவ வருவாளோ என்னமோ.”

“நாலு மாடி ஏறி வர்றவளா இருந்தா நல்லவளாத்தான் இருப்பா, வச்சுக்க.”

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஐம்பத்தொரு வயதில் சந்தேகப்படுவதற்கு முதலில் நல்ல கண்ணாடி வேண்டும். அவர் போன் கைக்குக் கிடைத்தது, எழுத்துதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கேட்டுவிட்டேன். கோப்பியை மேசையில் வைத்து, “யாருங்க அந்த மேடம்?” என்றேன்.

மனுஷன் முகம் சிவந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்கு வேல கெடச்சிருக்கு குணா. வீட்லேருந்தே. கலெக்‌ஷன் ஆபிசரு.”

ஜெசிந்தா மேடமாம். ஏதோ டிரேடிங் கம்பெனியாம். வாடிக்கையாளர்கள் கட்டும் பணம் இவர் கணக்குக்கு வரும். வந்ததும் மேடம் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் கமிஷன். இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

எனக்குள் சிரிப்பு ஒன்று கிளம்பி தொண்டை வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படியே உள்ளே போய்விட்டது.

“அவங்களுக்குன்னு ஒரு கணக்கு இருக்காதா? ஏன் உங்க கணக்கு?”

“நம்ம பஸ்ல எப்படி? புள்ளைங்ககிட்ட மாசக் காச நான்தானே வாங்குவேன். வாங்கி மொதலாளிகிட்ட குடுப்பேன். முப்பது வருஷம் ஒரு காசு கொறஞ்சதுண்டா? அதே வேலதான். ரோடுதான் இல்ல.”

சொல்லும்போது அவர் குரலில் பழைய பஸ் டிரைவர் வந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, “அவங்க என்னைய சார்னு கூப்புடுறாங்க குணா. பஸ்ல எல்லாரும் அங்கிள்தான்” என்றார்.

குணவதி வாயடைத்துப்போன நாள் என்று இதைத் தனியாகக் குறித்து வைக்கலாம். கோழையாடி நீ? மோசடின்னு தெரியுதுல்ல உனக்கு? அப்புறம் ஏன் சொல்லல?

ஆகஸ்ட் 23, சனி

சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. அவரே சொன்னார்.

மதியம் சாப்பிட்ட தட்டில் கைகழுவாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பணம் வியாழக்கிழமை வந்ததாம். மாற்றவில்லையாம். மேடம் இரண்டு நாளாகத் திட்டுகிறாளாம். சார் எல்லாம் போய் இப்போது “ஓய்” ஆகிவிட்டதாம்.

“ஏன் மாத்தல?”

போனை நீட்டினார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன். பணம் அனுப்பியவர் குறிப்பில் மலாயில் எழுதியிருந்தார்: வேலைக்கான டெபாசிட். கீழே பெயர், நூருல் ஹுதா.

“வேல கேட்டு வர்ற பொண்ணு குணா. வேல குடுக்குறதுக்கு முன்னாடியே காசு வாங்குறாங்க. நம்ம லைன்ல அப்படி உண்டா? புதுசா பெக்டரிக்குச் சேர்ந்த புள்ளைய மொத மாசம் ஓசியிலதான் ஏத்திக்கிட்டுப் போவோம். சம்பளம் கைக்கு வந்த அன்னிக்குத்தான் பஸ் காசு கேப்போம். சம்பளம் பாக்காத புள்ளகிட்ட கைய நீட்டுறவன் டிரைவரே இல்லன்னு தங்கராஜு மொதலாளி சொல்வாரு. எனக்கு அந்தக் காச எடுத்துக் குடுக்க மனசு வரல.”

அவர் கைவிரலில் சோறு காய்ந்துபோயிருந்தது.

“அன்னிக்கே ஏங்க என்கிட்ட சொல்லல?”

“நீ சிரிப்ப.”

அவ்வளவுதான் சொன்னார். ஐஸ்பெட்டி மூளையைப் பற்றி நான் சொன்னது சுவரைத் தாண்டிப் போய் அவர் மடியில்தான் விழுந்திருக்கிறது. இந்த பிளாக்குக்கே மோசடி கண்டுபிடிக்கிற டிடெக்டிவ் நான். என் வீட்டு அறைக்குள் நடந்ததற்கு, பொம்பளை விவகாரம் என்று துப்புத் துலக்கியிருக்கிறேன்.

சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டேன், குழந்தைக்குக் கழுவுகிற மாதிரி. வேண்டாம் என்று சொல்லாமல் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு மேடம் கொடுத்த கணக்கு எண்ணைப் போலீஸ் இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். ஏற்கெனவே புகார் இருந்தது. ஒன்றில்லை, நிறைய. மோசடிப் புகாருக்கான 997க்கு அடித்தேன். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போலீஸ் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் செய்யுங்கள் என்றார்கள்.

லிஃப்ட் ஓடவில்லை.

காமாரியாக்கா வீட்டுக்காரர் ஹபீப் முகம்மது அண்ணனும் கீழ்மாடிக்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் மனுஷனை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. அவருக்கு அந்த இறக்கம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இடுப்பிலிருந்து போர்வை நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டே வந்தார். நான் பின்னாலேயே, “தேர் நல்லா இருக்கு, பன்னீர் தெளிக்கத்தான் ஆள் இல்ல” என்றேன். ஹபீப் அண்ணன் சிரித்ததில் கை நழுவப் பார்த்தது. மனுஷனும் லேசாகச் சிரித்தார். எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சனிக்கிழமை எழுத முடியாததை இன்று எழுதுகிறேன்.

பாலாயில் வாக்குமூலம் எடுத்தவர் இளம் வயது மலாய்க்காரர். பொறுமையாகக் கேட்டார், இவரை அங்கிள் என்கிற மாதிரி பாக்சிக் என்று கூப்பிட்டார். இப்படிக் கணக்கு கொடுப்பவரைக் கழுதை என்றுதான் எங்கள் பாஷையில் சொல்கிறோம் பாக்சிக், பாரம் சுமப்பதால், மன்னிக்க வேண்டும் என்றார். எத்தனையோ பேர் பிடிபட்ட பிறகுதான் வருகிறார்கள், பணத்தை வைத்துக்கொண்டு தானாக வந்தது நல்லது என்றார். ஆனால் விசாரணை நடக்கும். என்னால் உறுதி எதுவும் கொடுக்க முடியாது என்றார்.

கணக்கை முடக்கிவிட்டார்கள். ஹுதாவின் பணம் உள்ளே பத்திரம். எங்கள் சொக்சோவும் உள்ளே பத்திரம்.

வீட்டுக்கு வந்ததும் மனுஷன் கேட்டது ஒன்றுதான். “அந்த மொத ரெண்டு பேரு? அவங்க யாருன்னே தெரியாதே குணா.”

என்னிடம் எந்த ஜோக்கும் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாட்டுக்குச் சுதந்திர தினம். இவர் நாலு நாளாக கால்சட்டை போடவில்லை, சாரோங் கைலிதான். இஸ்திரிப் பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது.

செப்டம்பர் 6, சனி

கணக்கு முடங்கியதிலிருந்து காமாரியாக்கா சாப்பாட்டுத் தூக்கு அனுப்புகிறார். “கூடுதலா வடிச்சிட்டேன் லா” என்று தினமும் ஒரே பொய். தினமும் கூடுதலாக வடிப்பதற்கு அக்காவுக்குக் கணக்கு தெரியாதா என்ன.

நான் வேட்டையில் இறங்கிவிட்டேன். சரோஜினியாக அல்ல, குணவதியாக. வீட்டிலிருந்து செய்கிற வேலை என்று எது வந்தாலும் திருப்பிக் கேட்கிறேன்: உங்கள் ஆபிஸ் எங்கே, நான் நேரில் வரலாமா? பாதிப் பேர் அங்கேயே மாயமாகிவிடுகிறார்கள். ஒருத்தி அழகான முகவரி கொடுத்தாள், பத்து காவானில். பழைய தோழியைவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அங்கே மூங்கில் வேலி போட்ட வெற்றுமனை இருந்ததாம். ஒரு மாடு மட்டும் பொறுப்பில் இருந்ததாம்.

இன்று செபராங் ஜெயாவில் ஒரு கம்பெனி. வாடிக்கையாளர் போன் எடுக்கிற வேலை, வீட்டிலிருந்து. விளம்பரத்தில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, கம்பெனியின் நம்பரை நானே தேடிப் பிடித்து அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். சலிப்பான குரல். “யெஸ், என்ன வேணும்?” என்றாள், நான் அவளுடைய மதியச் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. மேடம் கீடம் எதுவும் இல்லை.

எனக்கு மனசு குளிர்ந்தது. நிஜமான ஆபிஸ்.

மனுஷனிடம் மனு போடச் சொன்னேன். “என்னையா?” என்றார். “உங்க குரலுக்குத்தானே பஸ்ல தூங்குற புள்ளைங்க எந்திரிக்கும்” என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வீடியோவில் நேர்காணல். காமாரியாக்கா தன் மகளுடைய லெப்டாப்பைக் கொடுத்தார். நேற்று சாயங்காலமே மனுஷன் அலமாரி மேலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார். சட்டைக்கு மடிப்பு. கால்சட்டைக்கும் மடிப்பு.

“இடுப்புக்குக் கீழ அவங்களுக்குத் தெரியாதுங்க.”

“எனக்குத் தெரியும்ல.”

இரண்டு காலுக்கும் போட்டார். ஊக்கையும் தேடிக் குத்திக்கொண்டார்.

நன்றாகத்தான் பேசினார். தட்டச்சு செய்து காட்டச் சொன்னபோதுதான் ஒரு விரல், கோழி கொத்துகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக. அந்தப் பக்கம் இருந்த பெண் நாகரிகமாகப் பொறுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 13, சனி

வேலை இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. நன்றி சொல்லி, காரணம் சொல்லி, ஒரு வெள்ளிகூடக் கேட்காமல்.

மனுஷன் இரண்டு தடவை படித்தார். “நெசமான கம்பெனிதான் லா” என்றார், கொஞ்சம் பெருமையாக. எங்களை நிராகரித்தவர்களை இவ்வளவு மரியாதையோடு நினைத்துக்கொண்டிருக்கிறோம். பைத்தியங்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டாம் மாடி சுபாஷினி மூச்சிரைக்க வந்து நின்றாள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். அவள் இஸ்திரிப் பெட்டி புகைந்துவிட்டதாம், நாளைக் காலை விசேஷமாம். கையில் ஐந்து சேலை. இப்போதெல்லாம் யாரும் சேலையைக் கட்டிக்கொள்வதில்லை, மாட்டிக்கொள்கிறார்கள். முந்தானைக்கும் கொசுவத்துக்கும் முதல் நாளே மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, ஊக்குக் குத்திப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். கட்டுகிறவளுக்கு ஐந்து நிமிஷம்.

எங்கள் மேசையிலேயே விரித்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். மனுஷன் மூலையில், மடியில் போர்வையோடு. பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மடிப்பில் தாங்க முடியவில்லை.

“தங்கச்சி, கோச்சிக்காத. அது கோணலா போவுது.”

“அவசரத்துல எது நேராண்ணே வரும்?”

“நவுரு.”

சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். விளிம்பை விரலால் நீவி, மடிப்புக்கு மடிப்பு அளவு பார்த்து, மேலே ஈரத்துணி போட்டு அழுத்தினார். துணியை எடுத்ததும் முந்தானை புதுச் சீட்டுக்கட்டு மாதிரி நின்றது. சுபாஷினி வாயைத் திறந்தவள் மூடவில்லை.

“எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?”

“பஸ் ஸ்டாண்ட்ல” என்றார்.

ஐந்து சேலையும் முடிந்தது. இவள் பையைத் திறந்து காசை எண்ணினாள். தீபாவளிக்கு எண்பது சேலை வருமாம், ஆள் இல்லாமல் தவிக்கிறாளாம், செய்கிறீர்களா என்றாள்.

பழக்கதோஷம், நான் குறுக்கே பாய்ந்தேன். “டெபாசிட் எவ்ளோ கட்டணும்?”

“டெபாசிட்டா? என்னக்கா பேசுறீங்க. சேலை முடிய முடிய நான்தான் உங்களுக்குக் குடுக்கணும்.”

மனுஷன் என்னைப் பார்த்தார். “வேல முடிஞ்ச பொறகு காசு. நம்ம பஸ் மாதிரி.”

செப்டம்பர் 27, சனி

எனக்குப் பதவி: உதவியாளர். முந்தானையின் மறுமுனையைப் பிடித்து நிற்பது. அசையக்கூடாது, பேசக்கூடாது, முக்கியமாகச் சிரிக்கக்கூடாது, துணி நடுங்குகிறதாம். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை.

அக்டோபர் 11, சனி

கோகுலன் என்று ஒரு பையன் வந்து, தன் அக்கா சேலையை வாங்கி வரச் சொன்னாள் என்றான். மனுஷன் பெட்டியைக் கொடுக்கவில்லை. “உங்க அக்கா என்கிட்ட சொல்லலையே தம்பி.” போன் போட்டார், அவள் எடுக்கவில்லை. பையனை உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. அக்காக்காரி திரும்ப அழைத்துச் சிரித்துக்கொண்டே ஆமாம் என்ற பிறகுதான் கொடுத்தார்.

“அது அவங்கம்மா கல்யாணச் சேல குணா. யாருது, யாருகிட்டேருந்து வருது, யாருகிட்ட போவுதுன்னு தெரியாம என் கையிலேருந்து இனிமே ஒண்ணும் போவாது.”

நேற்று பாலாயிலிருந்து கூப்பிட்டார்கள். ஹுதாவின் பணத்தை அவளுக்குத் திருப்ப வேலை நடக்கிறதாம். எங்கள் கணக்கு திறக்க இன்னும் நாளாகும். மற்ற இரண்டு பேரைப் பற்றி இவர் கேட்டார். தெரியவில்லை என்றார்களாம். இன்றைக்கு இரண்டு சேலையை வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. லிஃப்ட் ஓடுகிறது. எழுதி வைக்கிறேன், பிற்காலத்தில் யாராவது நம்ப வேண்டும்.

காலையிலிருந்து வாசல் மூடவில்லை. வருகிறார்கள், பெட்டியை வாங்குகிறார்கள், போகிறார்கள். காமாரியாக்கா முறுக்கு வாங்க வந்தவர், பெட்டி எடுத்துக் கொடுக்க நின்றுவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஒரு பெண் ஓடி வந்தாள். பெக்டரியில் ஓவர்டைம் முடித்து நேராக வருகிறாளாம். பாக்கெட்டைப் பிரிக்காத சேலை.

“முடியாதும்மா, ஊக்கு தீந்திருச்சு” என்றேன்.

“உட்காரு பாப்பா, இந்தா ஆயிரும்” என்றார் மனுஷன்.

மடிப்பு எடுத்தார், தேய்த்தார். டப்பாவைத் துழாவிச் சின்ன ஊக்குகள் கொஞ்சம் தேற்றினேன். கொசுவத்தைச் சேர்த்துப் பிடிக்கத்தான் பெரியது ஒன்று வேண்டும். கடைகள் மூடியாயிற்று. மனுஷன் குனிந்தார். தன் கால்சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொசுவத்தில் குத்தினார்.

இடது கால் துணி பிரிந்து, மடிப்பு கலையாமல், தரையைத் தொட்டுத் தொங்கியது. அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசல்வரை போய், அந்தப் பெண்ணிடம் பெட்டியைக் கொடுத்தார், எப்படிக் கட்ட வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். போர்வை கட்டில் மேல் கிடந்தது. எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுக்கவில்லை.

அவள் லிஃப்ட்டில் ஏறியதும் சொன்னேன், “நாளைக்கு உங்க ஊக்கு யாரு இடுப்புலயோ ஏறி பினாங்கு பூரா தீபாவளி விருந்துக்குப் போவப்போவுது. ஒங்கள விட்டுட்டு.”

விழுந்து விழுந்து சிரித்தார். காமாரியாக்கா என்ன என்ன என்று கேட்டார். சொல்ல முடியாமல் கையை ஆட்டினார்.

“வேற ஊக்கு தேடித் தரவாங்க?”

“இருக்கட்டும் லா,” என்றார். “காத்தாட இருக்கு.”